குளிசையா, ஜெல்லா, பேட்சா: ஒரு விமானப் பயணத்துக்கு முன் நான் போட்ட கணக்கு

எனக்கு 54 வயது. மாதவிடாய் நிற்கிற காலத்துத் தொந்தரவுகளுக்கு மூன்று வருடமாக ஹோர்மோன் குளிசை போடுகிறேன், அதால் பெரிய குறை ஒன்றும் இல்லை. ராத்திரி நித்திரை வருகிறது, வகுப்பில் பாடம் எடுத்துக்கொண்டிருக்கும்போது கழுத்திலிருந்து உச்சந்தலை வரை தீப்பிடித்த மாதிரி ஏறும் அந்தக் கொதிப்பு நின்றுவிட்டது, வீட்டில் உள்ளவர்களோடு எரிந்து விழுவதும் பாதியாகக் குறைந்துவிட்டது (இவரைக் கேட்டால் கால்வாசிதான் என்பார்). பிறகு ஏன் மாற்ற யோசித்தேன் என்றால், ரொறன்ரோவில் இருக்கும் மகள் முழுகாமல் இருக்கிறாள். தை மாதம் பிள்ளை. கட்டுநாயக்கவில் ஏறி, நடுவில் ஓரிடத்தில் மாறி, எல்லாமாக ஒரு முழு நாள் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்க வேண்டும், காலில் இரத்தம் கட்டியாகிவிடுமோ என்று பயம். போதாததற்கு போன ஆவணியில் கிளினிக் கொப்பியில் என் பிரஷர் 146/92 என்று எழுதப்பட்டது, அதுவரை 130ஐத் தாண்டாத பிரஷர்.

அந்த வாரம்தான் ரொறன்ரோவிலேயே இருக்கும் என் தங்கச்சி வைபரில் எடுத்தாள். "அக்கா, நீங்கள் இன்னும் குளிசையே போடுறியள்? இங்க ஒருத்தரும் இப்ப அது எடுக்கிறேல்ல, எல்லாரும் பேட்ச்தான்." பேட்ச் என்றால் அதே ஹோர்மோனைத் தோல் வழியாகக் கொடுக்கும் ஒட்டு, தோலில் பூசும் ஜெல்லும் உண்டு. ஒருத்தரும் என்றால் அவளும் அவளோடு வேலை செய்யும் இரண்டு பேரும். ஆனாலும் மனதில் ஒரு முள் விழுந்துவிட்டது.

இதைப் பற்றிக் கேட்க இங்கே ஆளில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. சாமத்தியப்பட்டபோது ஊரைக் கூட்டி, உளுத்தங்களி கிண்டித் தந்து, நல்லெண்ணெய் பருக்கி, மாமிமார் எல்லாரும் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். அதே விஷயம் முடிகிறபோது ஒரு மாமியும் வாய் திறக்கவில்லை. "அது எல்லாருக்கும் வாறதுதானே" என்பதோடு கதை சரி. 19ம் நூற்றாண்டில் மானிப்பாயில் அமெரிக்க மிசனறி டொக்டர் கிறீன் மேலைத்தேச மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்து, அதற்குப் புத்தகங்களையும் தமிழில் பெயர்த்த ஊர் இது. இன்றைக்கு எனக்கு வரும் அந்தக் கொதிப்புக்கு டொக்டரிடம் சொல்ல ஒரு சொல் இல்லாமல் "உடம்பு ஒரு மாதிரி வருது" என்றுதான் முதல் தடவை சொன்னேன். அவர் பிரஷர் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்.

சரி, கணக்குக்கு வருவோம்.

முதலில் அந்தப் பழைய பயம். ஹோர்மோன் என்றாலே மார்புப் புற்றுநோய் என்று எல்லாரும் சொல்வதற்கு மூலம், 2002 யூலையில் பாதியில் நிறுத்தப்பட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று. 16,608 பெண்கள், சராசரி வயது 63. வருடத்துக்குப் பத்தாயிரம் பேரில், மருந்தே இல்லாத வெறும் குளிசை எடுத்தவர்களில் 30 பேருக்கு மார்புப் புற்றுநோய் வந்த இடத்தில் ஹோர்மோன் எடுத்தவர்களில் 38 பேருக்கு வந்தது. எட்டுப் பேர் கூட. அதே ஆய்வில் இரத்தம் கட்டியாகும் வருத்தம் 16 பேரில் இருந்து 34 பேராக ஏறியது, அதாவது இரண்டு மடங்கு, ஆனால் அதை ஏனோ ஒருவரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. இடுப்பு எலும்பு முறிவு 15இல் இருந்து 10 ஆகக் குறைந்ததையும்தான். 63 வயதில் புதிதாகத் தொடங்கிய ஒருவரின் கணக்கை 51 வயதில் தொடங்கிய என்னுடைய கணக்காக எடுக்க முடியாது, அதற்காக எட்டுப் பேரை இல்லை என்றும் சொல்ல முடியாது. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று: குளிசையை விட்டு ஜெல்லுக்குப் போனால் மார்புப் புற்றுநோய்க் கணக்கு மாறாது. மாறுவது இரத்தக் கட்டிக் கணக்கு. "பேட்ச் என்றால் ஒரு ஆபத்தும் இல்லை" என்று தங்கச்சி சொன்னது அரைவாசிதான் சரி.

ஏன் மாறுகிறது என்றால், வாயால் விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் (இந்த மருந்துகளில் உள்ள முக்கிய ஹோர்மோன்) குடலில் இருந்து நேரே ஈரலுக்குப் போகிறது. ஈரல் அதைக் கண்டதும் இரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கூடுதலாகச் செய்யத் தொடங்குகிறது. தோல் வழியாகப் போவது அந்தச் சந்தியில் நிற்காமல் நேராக இரத்தத்துக்குப் போய்விடுகிறது. வழமையான அளவில் ஜெல், பேட்ச் பாவித்த பெண்களிடம் இரத்தக் கட்டி கூடியதாகக் காணப்படவில்லை. இவை பெண்களைக் கவனித்துப் பார்த்த ஆய்வுகள், 2002 ஆய்வைப் போல இரு கூறாகப் பிரித்து மருந்து கொடுத்துப் பார்த்தவை இல்லை, அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். இருந்தாலும் பெரிய எண்ணிக்கையில், பல நாடுகளில், ஒரே திசையைக் காட்டியிருக்கின்றன. பருமனான உடம்பு, பிரஷர், பித்தப்பைக் கல், கண்ணில் மின்னலடித்துத் தொடங்கும் ஒற்றைத் தலையிடி, இதில் ஏதாவது இருந்தால் டொக்டர்மார் தோல் வழியைச் சொல்வதற்குக் காரணம் இந்த ஈரல் சங்கதிதான். பிரஷரும் நீண்ட பயணமும் சேர்ந்ததால் அந்த வரிசையில் நானும் வந்துவிட்டேன்.

இடையில் ஒன்று. என் மச்சாள் தைரொயிட்டுக்குத் தைரொக்சின் குளிசை போடுகிறவர். அவரும் தன் ஹோர்மோன் குளிசையை என்னோடு சேர்ந்து மாற்றப் புறப்பட்டார். வாயால் எடுக்கும் ஈஸ்ட்ரோஜன் இருக்கும்போது தைரொக்சின் கூடத் தேவைப்படும், தோலுக்கு மாறினால் அதே அளவு அதிகமாகிப் போகலாம். நெஞ்சு படபடக்கிறது, நித்திரை இல்லை என்றால் அதை ஜெல்லின் குற்றம் என்றுதான் நினைப்போம். மாற்றி ஆறு தொடக்கம் எட்டு வாரத்தில் தைரொயிட் இரத்தப் பரிசோதனை ஒன்று செய்து பார்ப்பது நல்லது.

தோல் வழி என்று முடிவெடுத்த பிறகுதான் உண்மையான தலையிடி தொடங்கியது. பேட்சா, ஜெல்லா?

தாளில் பார்த்தால் பேட்ச்தான் வெல்லும். வாரத்துக்கு இரண்டு தரம், சிலது வாரத்துக்கு ஒரு தரம், இடுப்புக்குக் கீழே ஒட்டிவிட்டு மறந்துவிடலாம். தங்கச்சி யாரோ ஊருக்கு வந்தவரிடம் ஒரு பெட்டி கொடுத்தும் விட்டாள். ஆனால் அவள் ஒட்டுகிற உடம்பு ரொறன்ரோவில் இருக்கிறது, என் உடம்பு கோண்டாவிலில் இருக்கிறது. எங்கள் ஊர் வெய்யிலில், சேலைக்குள், பாவாடை நாடா இறுக்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே ஒட்டினேன். முதல் நாள் பின்னேரம் ஒரு ஓரம் சுருண்டது. இரண்டாம் நாள் கிணற்றடியில் நாலு வாளி அள்ளி ஊற்றியதும் பாதி எழும்பியது. மூன்றாம் நாள் காலை பாவாடையைத் தோய்க்கப் போட்டபோது பேட்ச் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது, என்னில் இல்லை. சனிக்கிழமை எண்ணெய் முழுகுகிறவர்களுக்கு இன்னும் கஷ்டம், தோலில் எண்ணெய்ப் பசை கொஞ்சம் இருந்தாலே பிடிக்காது. ஒட்டியிருந்த இடம் சதுரமாகச் சிவந்து கடித்தது, கடி இரண்டு நாள் போகவில்லை. எல்லாருக்கும் இப்படி என்று சொல்ல மாட்டேன். உலர்ந்த தோல் உள்ளவர்கள், ஏசி அறையில் வேலை செய்கிறவர்கள் தாராளமாகப் பார்க்கலாம், ஒரு பத்து விநாடி உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால் பிடிமானம் கூடும் என்கிறார்கள்.

அதைவிடப் பெரிய கேள்வி, அடுத்த பெட்டி எங்கிருந்து வரும்? வெளிநாட்டுப் பொதியை நம்பி ஒரு மருந்தைத் தொடங்குவது, நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்களை எண்ணிக்கொண்டு சமையல் செய்கிற மாதிரி. ஒருவர் வரவில்லை என்றால் உங்கள் உடம்பு அந்த மாதம் பட்டினி. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, அப்போதுதான் தொடங்கியிருந்த குளிசைக்காக நான் திருநெல்வேலியில் இருந்து சுன்னாகம் வரை மருந்துக் கடை மருந்துக் கடையாக அலைந்தேன், பெற்றோலும் இல்லாத காலம், சைக்கிளில். அன்றிலிருந்து எந்த மருந்துக்கும் முதல் கேள்வி இதுதான்: மூன்று மாதத்துக்கு இதைத் தொடர்ந்து எடுத்துத் தருவீர்களா என்று பாமசிக்காரரிடம் கேட்பேன். "எடுத்துத் தரலாம்" என்பது பதில் இல்லை. "இருக்கு" என்பதுதான் பதில்.

ஜெல்லில் வேறு மாதிரித் தொந்தரவு. ஒவ்வொரு நாளும் பூச வேண்டும், மறக்கிற ஆளுக்குச் சரிவராது. பம்ப் போத்தலில் ஒரு அமுக்கு என்பது, ஏறத்தாழ, 25 மைக்ரோகிராம் பேட்சுக்கும் 1 மில்லிகிராம் ஈஸ்ட்ரடயோல் குளிசைக்கும் சமம். இரண்டு அமுக்கு என்றால் 50 மைக்ரோகிராம் பேட்ச், 2 மில்லிகிராம் குளிசை. ஏறத்தாழ என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஒருவரின் தோல் குடிப்பதை இன்னொருவரின் தோல் குடிக்காது. ஆனால் இதிலேயே அதன் நன்மையும் இருக்கிறது: போதவில்லை என்றால் டொக்டரைக் கேட்டு இன்னொரு அமுக்கு கூட்டலாம், கூடிவிட்டால் குறைக்கலாம், புதுப் பெட்டி வாங்கத் தேவையில்லை. நான் இரவு மேல் கழுவி, நன்றாகத் துடைத்து, நைற்றியைப் போடுமுன் தொடையில் பூசுகிறேன். ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும், ஒரு மணித்தியாலம் தண்ணீர் படக் கூடாது. மார்பில் பூசக் கூடாது. அற்ககோல் கலந்தது என்பதால் ஈரமாக இருக்கும்போது தீப்பிடிக்கும், ஆகவே பின்னேரம் சாமிக்கு விளக்கு வைக்கும் வேலை முடிந்த பிறகுதான். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, மருந்தோடு வந்த தாளில் சின்ன எழுத்தில் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன்.

அந்தத் தாளில் இன்னொன்றும் இருந்தது, அதுதான் என் கணக்கைக் குழப்பியது. பூசிய தோல் மற்றவர் தோலில் படக் கூடாது, முக்கியமாகப் பிள்ளைகளில். நான் போவதே பிறந்த பிள்ளையை மடியில் போட்டுத் தடவிக் குளிப்பாட்ட. அந்த இடத்தில் பேட்ச் மறுபடி முன்னுக்கு வந்துவிட்டது.

ஈஸ்ட்ரோஜன் பாதிக் கதைதான். கர்ப்பப்பை இருக்கிறவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியே எடுக்கவே கூடாது, கர்ப்பப்பையின் உள் தோல் தடித்துப் புற்றுநோய் வரை போகலாம், அதைத் தடுக்க இரண்டாவது ஹோர்மோன் ஒன்று வேண்டும். (கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு அநேகமாக அது தேவையில்லை. அவர்களின் கணக்கு என்னுடையதைவிடச் சுலபம்.) ஜெல்லை மட்டும் யாரிடமோ கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டு, "வாயால ஒண்டும் எடுக்கிறேல்ல" என்று பெருமையாகச் சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். தயவு செய்து அப்படிச் செய்ய வேண்டாம்.

அந்த இரண்டாவது ஹோர்மோனாக நான் எடுத்தது மெட்ரொக்சிபுரோஜெஸ்டரோன் என்ற பழைய, மலிவான, எங்கும் கிடைக்கும் குளிசை. மாற்றாக வந்தது, உடம்பு தானாகச் சுரக்கும் அதே வடிவத்தில் உள்ள புரோஜெஸ்டரோன், நுண்ணிய துகளாக்கி எண்ணெயில் கலந்து உருண்டைக் குளிசைக்குள் அடைத்தது, இரவில் 100 மில்லிகிராம். பிரெஞ்சுப் பெண்களை வருடக் கணக்காகத் தொடர்ந்து கவனித்த ஒரு பெரிய ஆய்வில் இந்த வகை எடுத்தவர்களுக்கு மார்புப் புற்றுநோய் மற்ற வகைகளைவிடக் குறைவாக வந்திருக்கிறது. அதுவும் கவனித்துப் பார்த்த ஆய்வுதான். எனக்கு அதைவிட நேரடியான லாபம் நித்திரை. போட்டு ஒரு மணித்தியாலத்தில் கண் சொக்கும். அதனாலேயே பகலில் போடக் கூடாது.

இது யாழ்ப்பாணத்தில் கிடைக்குமா என்று பயந்தேன். கிடைத்தது, ஏனென்றால் கர்ப்பம் தங்குவதற்கும் இதையே கொடுக்கிறார்கள். துண்டை வாசித்த பாமசிப் பொடியன் என்னை ஒரு முறை பார்த்தான், பிறகு துண்டைப் பார்த்தான், பிறகு மிக மரியாதையாக, "மகளுக்கோ அம்மா?" என்றான். "எனக்குத்தான் தம்பி" என்றேன். பின்னால் வரிசையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வாரத்துக்கு எங்கள் ஒழுங்கையில் என்ன கதை ஓடியதோ தெரியாது.

சைவக்காரருக்கு ஒரு தகவல்: இந்த உருண்டையின் மேல் தோல் ஜெலட்டின், அது மிருகத்தில் இருந்து வருவது. விரத காலத்தில் மனம் ஒப்பாதவர்கள் முன்கூட்டியே டொக்டரிடம் சொல்லலாம். சிலதில் உள்ளே கச்சான் எண்ணெய் இருக்கிறது, கச்சான் ஒவ்வாதவர்கள் பெட்டியைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன், 2002 ஆய்வில் கொடுத்த அந்த ஈஸ்ட்ரோஜன் கர்ப்பிணிக் குதிரையின் மூத்திரத்தில் இருந்து எடுப்பது. பல வருடமாக எத்தனையோ விரதக்காரர் அதை விழுங்கியிருக்கிறார்கள்.

திபோலோன் என்று ஒரு குளிசையையும் டொக்டர் சொன்னார். ஒரு நாளைக்கு ஒன்று, 2.5 மில்லிகிராம், இரண்டு ஹோர்மோனின் வேலையையும் அதுவே பார்க்கும். கடைசி மாதவிடாய் முடிந்து ஒரு வருடம் ஆனவர்களுக்குத்தான். எலும்புக்கு நல்லது, ஆனால் 60 வயதைத் தாண்டிய பெண்களில் செய்த ஆய்வில் பாரிசவாதம் கூடியது. என் பிரஷரை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போக எனக்கு மனமில்லை.

எல்லாவற்றையும் விட்டுவிட்டால் என்ன என்றும் ஒரு தரம் பார்த்தேன், அதுவும் போயும் போயும் நல்லூர்க் கொடியேற்றத்தோடு. பத்தாம் நாள் விடியப்புறம் அடியழிக்கப் போய், வீதி மணலில் ஈரச் சேலையோடு நிற்கும்போதே, எல்லாருக்கும் குளிர்கிற நேரத்தில் எனக்கு மட்டும் காது மடல் வரை நெருப்பு. மற்ற எல்லாரும் முருகா என்று கும்பிட நான் முருகா காத்து என்று கும்பிட்டேன். இருபதாம் நாள் குளிசைக்குத் திரும்பிவிட்டேன். இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் மார்புப் புற்றுநோய் வந்தவர்கள், காரணம் தெரியாத இரத்தப் போக்கு உள்ளவர்கள், ஈரல் வருத்தம் இருக்கிறவர்கள், இவர்களுக்கு இந்தத் தெரிவே வேறு. வென்லாஃபக்சின், கபாபென்டின் போன்ற ஹோர்மோன் இல்லாத மருந்துகள் கொதிப்பைக் குறைக்கும், முழுதாக நிறுத்தாது. மார்புப் புற்றுநோய்க்கு டமொக்சிஃபென் எடுப்பவர்கள், கொதிப்புக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான பரொக்சிட்டினை எடுக்கக் கூடாது, ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கும். சோயாமீற் சாப்பிட்டால் சரியாகும் என்கிறவர்களோடு நான் சண்டை பிடிப்பதில்லை, கறி நல்ல ருசி.

உள்ளே வரட்சி, மூத்திர எரிவு, அடிக்கடி மூத்திரத்தில் கிருமி, இவை மட்டும்தான் தொந்தரவு என்றால் இவ்வளவு தூரம் வரத் தேவையே இல்லை. அந்த இடத்திலேயே பூசும் ஈஸ்ட்ரோஜன் கிறீம் போதும், இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு, இரண்டாவது ஹோர்மோனும் வேண்டாம். கேட்கக் கூச்சமாக இருந்தால் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள், நான் அப்படித்தான் செய்தேன்.

மாற்றும் முன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய் பிரஷர், சீனி, மார்பு, கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனை எல்லாம் முடித்தேன். 1996இல் இருந்து இந்தக் கிளினிக் நடக்கிறது, காசும் இல்லை, ஆனால் எங்கள் வயதுக்காரர் எட்டிப் பார்ப்பது குறைவு. அந்தக் கொப்பியைக் கொண்டுபோய் ஒரு வி.ஓ.ஜியை (பெண் நோயியல் நிபுணரை) சனல் பண்ணிக் காட்டினேன். இரண்டையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம் என்றார். முதலில் ஈஸ்ட்ரோஜன் குளிசைக்குப் பதில் ஜெல், ஆறு வாரம் கழித்து மற்றக் குளிசைக்குப் பதில் உருண்டை. எதனால் என்ன வந்தது என்று பிறகு தெரிய வேண்டுமே. என்னுடையது தனித்தனிக் குளிசையாக இருந்ததால் இது முடிந்தது, இரண்டும் சேர்ந்த ஒரே குளிசை எடுக்கிறவர்கள் ஒன்றாகத்தான் மாற வேண்டி வரும். எப்படி மாறினாலும் பயணத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள், மாற்றிய முதல் மூன்று மாதம் அங்கும் இங்குமாகக் கறை படுவது சாதாரணம். அதற்குப் பிறகும் தொடர்ந்தாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ ஸ்கான் பார்க்காமல் விடக் கூடாது. வேறு நாட்டில், காப்புறுதியும் சரியாக இல்லாமல், அது தொடங்கினால் என்ன பாடு.

எனக்கு ஐந்தாம் வாரம் மூன்று நாள் கறை பட்டது, பிறகு இல்லை. பிரஷர் இப்போது 134/84, அதற்கு ஜெல் காரணமா, டொக்டர் சொல்லி ஊறுகாயையும் கருவாட்டையும் நிறுத்தியது காரணமா என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டையும் ஒரே வாரத்தில் செய்துவிட்டேன். கொதிப்பு கிழமைக்கு ஒன்று இரண்டு வருகிறது, குளிசையோடு அதுவும் இல்லாமல் இருந்தது, ஆகவே நட்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பிள்ளை விஷயம்தான் மிச்சம். அங்கே குளிர், வேர்வை இல்லை, கிணறும் இல்லை, பேட்ச் நின்று பிடிக்கும், ஆகவே போய் இறங்கியதும் பேட்சுக்கு மாறி, திரும்பி வந்து மறுபடி ஜெல் என்றுதான் முதலில் நினைத்தேன். டொக்டர் சிரித்தார். ஆறு மாதத்துக்குள் மூன்று தரம் மாற்றினால் உடம்புக்குத் தலை கால் தெரியாது, ஜெல்லையே கொண்டு போங்கள், படுக்கப் போகும்போது தொடையில் பூசி உடுப்பால் மூடிக்கொள்ளுங்கள், கையை சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள் என்றார். தங்கச்சிக்கு இது பிடிக்கவில்லை, எனக்காக ஒரு பெட்டி பேட்ச் எடுத்து வைத்திருக்கிறாளாம். மகளுக்கு இதையெல்லாம் விளக்கிச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்ப ராத்திரியில பிள்ளை அழுதா ஆர் தூக்கிறது?" பூசி ஒரு மணித்தியாலம் வரைக்கும் அவளுடைய அவர், அதுக்குப் பிறகு அம்மம்மா.